ஈரப் பலகைக்குப் பவுடர்

ஒரு சிங்கி இறாலைச் சண்டைக்காரனாக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

தொட்டியின் மூலையில் வாலைச் சுருட்டிப் பதுங்கிக் கிடக்கும் இறாலுக்கு ஊசியில் ஒரு துளி வேதிப்பொருளை ஏற்றுவேன். கொஞ்ச நேரத்தில் கால்களை ஊன்றி எழும். முழ நீள மீசைகள் இரண்டும் முன்னால் நீளும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே வம்புக்கு இழுக்கும். இத்தனைக்கும் காலுக்குப் போகும் நரம்பைத் தூண்டுவது நான். முன்பு கொடுத்த அதே துடிப்பைத்தான் இப்போதும் கொடுக்கிறேன், தசையோ இரண்டு மடங்கு இழுக்கிறது. அதாவது மாறியது தசையின் காது. நரம்பு முன்பு போலவே முணுமுணுக்கிறது, தசை அதைக் கூச்சலாகக் கேட்கிறது! ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் கைதட்டத் தோன்றுகிறது.

அந்த வேதிப்பொருளுக்குத் தூரத்து உறவான ஒரு மூலக்கூறை, மனிதத் தசைக்குப் பொருந்தும்படி தரமணியில் எங்கள் ஆய்வகத்தில் செய்தோம். தாள்களில் அதற்கு நீண்ட பெயர் உண்டு. எங்களுக்குள் அது ‘சிங்கி’. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. பன்னிரண்டு பேரை வைத்து முதல் சோதனைக்கு அனுமதி கிடைத்த வாரத்தில்தான் லாசர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

லாசர் காசிமேட்டு மீன் வியாபாரி. வியாழக்கிழமைதோறும் எனக்கு உயிருள்ள இறால் எடுத்து வைப்பவர்.

“இன்னா மேடம், எங்க கடல் எறாவெல்லாம் உங்க காலேஜ்ல சேந்து இன்னாதான் படிக்குதுங்க?”

சொன்னேன். யாராவது கேட்டால் என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. தராசில் பாதி ஏறிய இறாலோடு அவர் கை நின்றது.

“நரம்பு மெதுவாச் சொன்னாலும் தசை கேட்டுக்குமா?”

“ஆமா.”

“அப்ப எம்பொண்டாட்டிக்கு ஒண்ணு போடுங்க மேடம்.”

அவர் மனைவி டெல்பினா. முப்பத்துநான்கு வயது. வடசென்னைப் பெண்கள் கேரமில் மூன்று முறை கோப்பை வாங்கியவள். நான்கு வருடத்துக்கு முன் சாயங்காலங்களில் அவள் இமைகள் தாமாக இறங்கத் தொடங்கின. பிறகு விரல்கள். முதல் ஆட்டத்தில் பழைய டெல்பினா. மூன்றாவது ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் பாதிப் பலகையைத் தாண்டாது. மயஸ்தீனியா என்று மருத்துவமனையில் பெயர் சொன்னார்கள். மாத்திரையும் ஊசியும் அவளை நடமாட வைத்தன. விரலைத் திருப்பித் தரவில்லை.

சவேரியார் கேரம் மன்றத்தின் மாடியில் அவளைப் பார்த்தேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பாதி மூடிய இமைகளின் அடியிலிருந்து என்னை அளந்தாள்.

“டாக்டரு, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நாலு வருஷமா மாத்திரை குடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. உள்ள இன்னா கெட்டுப் போச்சுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல.”

எனக்கு வேறு என்ன வேண்டும்!

“நரம்பும் தசையும் ஒட்டிக்கிட்டு இல்ல டெல்பினா. நடுவுல ஒரு சந்து. உங்க தலைமுடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இருக்காது. ‘சுண்டு’ன்னு சொல்லணும்னா நரம்பு அந்தச் சந்துக்குள்ள ஆள் அனுப்பும். அசிடைல்கோலின்னு பேரு. அந்த ஆள் எதிர்ப்பக்கம் போய்க் கதவைத் தட்டும். கதவு திறந்தா தசை சுருங்கும்.”

“கதவு எத்தினி?”

“ஒவ்வொரு இழையிலயும் ஏறக்குறைய ஒரு கோடி.”

“எனக்கு?”

“உங்க உடம்புக் காவல்காரங்களே கதவை எதிரின்னு நெனச்சு உடைச்சுட்டாங்க. மூணுல ஒரு பங்கு மிச்சம். தொடர்ந்து தட்டும்போது நரம்பு அனுப்புற ஆள் கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். எல்லாருக்கும்தான். எங்களுக்குக் கதவு ஏகப்பட்டது இருக்கறதால தெரியறதில்ல. உங்களுக்கு மூணாவது போர்டுல தெரிஞ்சுடுது.”

“அதான்!” என்று லாசரைப் பார்த்தாள். “அதான் நான் கைய சேத்து வெக்கிறேன். மேட்ச் அன்னிக்குக் காலைலேந்து இந்தக் கையால ஒரு பருக்கையத் தொடமாட்டேன் டாக்டரு. முந்தானைல சுத்தி வெச்சுடுவேன். பலகைல ஒக்காரும்போது நாலஞ்சு அடி உருப்படியா வரும்.”

“நாந்தான் ஊட்டி விடணும்” என்றார் லாசர். “கல்யாணத்தன்னிக்குக் கூட ஊட்டினது இல்ல மேடம். இப்ப தெருவே எட்டிப் பாக்குது.”

“பாக்கட்டும். நீ வேற யாருக்கோ ஊட்டறதப் பாக்காம இருந்தா சரி” என்றாள் அவள். பிறகு என்னிடம், “சிங்கி இன்னா பண்ணும்? புதுக் கதவு மாட்டுமா?”

“மாட்டாது.”

“ஆள அதிகமா அனுப்புமா?”

“அதுவும் இல்ல.”

மேசையோரம் பவுடர் டப்பா இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. காலையிலிருந்து யாரும் தொடாத ஒரு பலகையில் ஸ்ட்ரைக்கரை வைத்துச் சுண்டினேன். நடுவட்டத்தில் மூச்சு வாங்கி நின்றது. ஒரு சிட்டிகை பவுடரைத் தூவித் தேய்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு சுண்டு. சர்ரென்று போய் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பியது.

“பலகை அதேதான். ஸ்ட்ரைக்கர் அதேதான். என் விரல்...”

“பவுடரு!” டெல்பினா கத்தியே விட்டாள். “சிங்கி பவுடரு! அதே சுண்டு, ஆனா தூரமாப் போவும்!”

“மிச்சமிருக்கிற கதவோட கீல்ல போடற பவுடர். மெல்லத் தட்டினாலே திறக்கும். கொஞ்ச நேரம் கூடுதலாத் திறந்தும் இருக்கும்.”

எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். இவ்வளவு வேகமாகப் பிடித்தவர் யாருமில்லை. அவள் இமைகள்கூட ஒரு கணம் மேலே ஏறின.

“மழ நாள்ல பலகை ஈரம் இழுத்துக்கும்” என்றாள். “அன்னிக்கு ரெண்டு சிட்டிகை கூடப் போடணும்.”

“அதேதான்!” என்றேன்.

உடம்பும் இப்படித்தான், நேரத்துக்குத் தகுந்தபடி தன் தூதுவர்களைக் கூட்டியும் குறைத்தும் தசையின் காதைத் திருகிக்கொள்கிறது என்று சொல்ல வந்தேன். அதற்குள் லாசர் டீயை நீட்டினார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. தகவல் தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். ‘தினமும் காலை ஒரு முறை’ என்று அதில் தெளிவாகவே இருந்தது.

ஸ்பிரே வேலை செய்தது. அந்த ஆறு வாரத்தைப் பற்றி நாள் முழுக்க எழுதலாம். நான்காம் நாள் டெல்பினா தொலைபேசியில் ஒன்றும் பேசாமல் டக், டக், டக் என்ற சத்தத்தை மட்டும் கேட்க வைத்தாள். ஒன்பது வெள்ளைக் காய்கள், ஒன்பது சத்தம். இரண்டாம் வாரம் ஒரு மேட்ச் நாளிலேயே தன் கையால் சோறு தின்றாள். “ஆறு மாசமா இவரு போட்ட உருண்டை சைசு எனக்குப் புடிக்கல டாக்டரு, சொன்னா கோவிச்சுப்பாரு.” ஐந்தாம் வாரம் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். ஒவ்வொரு சுற்றாக ஜெயித்தாள்.

இறுதி ஆட்டம் டிசம்பர் மாதம், புளியந்தோப்பில் ஒரு பள்ளி அரங்கில், மத்தியானம் இரண்டு மணிக்கு. மூன்று நாளாக விடாத மழை. சுவரெல்லாம் வியர்த்திருந்தது. எதிரே வியாசர்பாடி சுகுணா, போன வருடத்து சாம்பியன். முதல் செட்டை சுகுணா சுலபமாக எடுத்துக்கொண்டாள். டெல்பினா அடித்த காய்கள் குழியின் வாயில் போய் நின்று எட்டிப் பார்த்தன.

“பலகை இழுக்குது” என்று இடைவேளையில் என் பக்கம் வந்து முணுமுணுத்தாள். நடுவர் பவுடர் போட்டார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனாள். நான் அதை யோசிக்கவில்லை.

இரண்டாவது செட்டில் அரங்கமே எழுந்து நின்றது. அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைக்கிறாள், வைத்த விரல் எடுக்கும் முன்பே காய் குழிக்குள். குறி பார்ப்பதே தெரியவில்லை. “மச்சி, கண்ணால அடிக்கிறா!” என்று பின்வரிசையில் ஒருவன் கூவினான். லாசர் நாற்காலி மேல் ஏறியிருந்தார்.

அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஜெயிக்கிறவளின் முகமாக இல்லை. தன் கையை அவளே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகுணா அடிக்கும் முறை வந்தபோது டெல்பினாவின் கை மடியில் கிடந்தது. ஆனால் விரல் சும்மா இல்லை. இடப்பக்கம் ஒரு சுண்டு. நேராக ஒரு சுண்டு. சட்டத்தில் மோதித் திரும்பும் கோணத்தில் ஒரு சுண்டு. அவள் மனத்தில் ஓடும் ஒவ்வொரு யோசனையையும் விரல் காற்றில் ஆடிக்காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உற்சாகம். ஒரு செயலை நினைக்கும்போதே நரம்பில் அதன் சாயல் ஓடும். மிக மெல்லியது, எந்தத் தசையும் மதிக்காது. இங்கே ஒரு தசை அதையும் கேட்கிறது! இதை எப்படி அளப்பது என்றுகூட ஒரு விநாடி யோசித்தேன். அடுத்த விநாடிதான் கைப்பையும் கழிவறையும் நினைவுக்கு வந்தன. இருக்கையை விட்டு எழுந்தேன்.

பலகையில் ஒரு வெள்ளையும் சிவப்பும் மிச்சம். டெல்பினா ஸ்ட்ரைக்கரை வைத்தாள். மெல்ல அடித்தால் சிவப்பு விழும், வெள்ளை பின்னால் வரும். பலமாக அடித்தால் ஸ்ட்ரைக்கரே மூலைக் குழிக்குள் போய்விடும். பலமாக அடிக்கக் கூடாது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். கூடாது என்று நினைப்பதற்கும் முதலில் அதை நினைக்க வேண்டுமே. விரல் அதை எடுத்துக்கொண்டது.

ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அவள் எழ முயன்றாள். இமைகள் இறங்கின, தாடை தொங்கியது, தலை பலகையின் மேல் சாய்ந்தது. அளவுக்கு மீறிக் கத்தினால் காது அடைத்துப்போகும் இல்லையா, தசையின் கதவுகளும் அப்படித்தான். திறந்து திறந்து ஓய்ந்து, எந்தத் தட்டலுக்கும் அசையாமல் நின்றுவிட்டன. விரலில் மட்டுமல்ல, மூச்சை இழுக்கும் தசையிலும்.

முப்பது மணி நேரம் இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே லாசர் ஸ்பிரே புட்டியை என்னிடம் கொடுத்தார். “அவ பையில இருந்துச்சு. புட்டில நம்பர் காட்டுது, ரெண்டு தபா கூட அடிச்சிருக்கா மேடம். ‘பலகை ஈரம், ரெண்டு சிட்டிகை கூடப் போட்டேன்’னு ஆம்புலன்ஸ் ஏத்தறப்ப சொன்னா. நாக்கு கொழறுச்சு, எனக்கு வெளங்கல. போர்டுக்குத்தான் நடுவரு போட்டாரே?”

எனக்கு விளங்கியது. சிங்கி கூடினால் தசை எதையெல்லாம் கேட்கும் என்பதை மட்டும் அவருக்குச் சொன்னேன்.

“அவ நெனச்சதையெல்லாம் கை செஞ்சுதா?” என்று கேட்டார்.

“நெனச்சு, வேணாம்னு விட்டதையும் செஞ்சுது லாசர்.”

“பக்கத்துல நான் ஒக்காரல. தப்பிச்சேன்” என்றார். சிரிக்க முயன்று, முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பிழைத்தாள். பத்தாம் நாள் நெறிமுறைக் குழு கூடியது. தலைவர் பேராசிரியர் சதக்கத்துல்லா. குரலை உயர்த்தாதவர், ஒரு சொல்லைக்கூட நழுவ விடாதவர். அவர் விதியை முதலிலேயே வாசித்தார். பங்கேற்பாளர் தானாக அளவை மீறியிருந்தால் சோதனையிலிருந்து விலக்கப்படுவார். ஆய்வாளர் தந்த விளக்கத்தால் மீறல் நடந்திருந்தால் தவறு ஆய்வாளருடையது. பங்கேற்பாளர் விரும்பினால் தொடரலாம்.

சிங்கி சந்தைக்கு வர இன்னும் ஏழெட்டு வருடமாகும். விலக்கினால் டெல்பினாவின் விரல் போனது போனதுதான். இது எனக்குத் தெரியும். “அதேதான்!” என்று நான் கூவியதும் எனக்குத் தெரியும். அது எந்தத் தாளிலும் இல்லை. உவமை உத்தரவாகாது என்று பத்து நாளாக எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்குவதில் நான் கெட்டிக்காரி.

டெல்பினா வந்தாள். வருகைப் பதிவேட்டில் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. குளிர்சாதனம் அதிகம் என்று நினைத்தேன். நீண்ட மேசையின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். லாசர் அவளுக்காகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நீல மூடியை அவள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார்.

“கூடுதலா எடுத்துக்கலாம்னு யாராவது சொன்னாங்களாம்மா?” என்று கேட்டார் தலைவர்.

“இல்லீங்க ஐயா.”

“யாருமே? ஒரு பேச்சுக்குக் கூட?”

“நானாத்தான் எடுத்தேன். ஜெயிக்கணும்னு பேராசை.”

“அப்படின்னா உங்களை இதுல வெச்சுக்க முடியாது. அது புரியுதா?”

“புரியுதுங்க.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. வலது கை முந்தானையிலிருந்து வெளியே வந்து மேசை மேல் அமர்ந்தது. ஆள்காட்டி விரல் மடங்கியது. சுண்டியது.

நீல மூடி அந்த வழவழப்பான மேசையில் கோடு போட்டது போல வழுக்கி வந்தது. இரண்டு பேராசிரியர்களின் கோப்புகளுக்கு நடுவே நுழைந்து, என் தம்ளரில் டிங் என்று மோதி நின்றது.

“மன்னிச்சுக்கங்க ஐயா” என்றாள் டெல்பினா. “மருந்து இன்னும் எறங்கல போல. கை தானாப் பண்ணுது.”

தலைவர் தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். மற்றவர்கள் ஒரு மூடியைப் பார்த்தார்கள். அந்தக் கை நினைத்ததைச் செய்யும் கை என்று அறிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். அவள் வாய் என்னைக் காப்பாற்றுகிறது, அவள் மனம் என்னைச் சுட்டுகிறது. அதை அடக்க அவளால் முடியவில்லை. தம்ளரின் ஓரத்தில் மூடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“ஐயா” என்று எழுந்தேன். “நான் சொன்னேன்.”

பவுடர் டப்பாவிலிருந்து “அதேதான்!” வரை எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகச் சொல்வதற்கு எட்டு நிமிடம் ஆனது. நான் தந்த விளக்கங்களிலேயே யாரும் ஆர்வமாகக் கேட்காத விளக்கம் அதுதான்.

முடிவு இரண்டு பத்தி. டெல்பினா தொடரலாம், இரண்டு மாத இடைவெளிக்குப் பின், புதிய தகவல் தாளுடன், வேறொருவர் தலைமையில். நான் ஆய்வகத்தில் வேலை செய்யலாம், பங்கேற்பாளர்களிடம் சோதனை பற்றி எதுவும் பேசக் கூடாது. சிறைத் தண்டனை கொடுத்திருந்தால்கூட நான் காவலரிடம் எதையாவது விளக்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவுகள் மொத்தமாக என் மேசைக்கு வந்தன. அவ்வளவு சிங்கியை அதுவரை யாரும் எடுத்ததில்லை என்பதால், வெளியேற எத்தனை நாளாகும் என்று தெரிந்துகொள்ள அவள் ரத்தத்தைத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள், மிகக் குறைவு. ஐந்தாம் நாள், சுழியம். அதற்குப் பிறகு எல்லாமே சுழியம். குழு கூடியது பத்தாம் நாள்.

அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். பிறகு முந்தானை நினைவுக்கு வந்தது. இடது கைக் கையெழுத்து. தண்ணீர் பாட்டிலைக் கூடத் தானே திறக்காதது.

வியாழக்கிழமை இறால் வாங்கப் போனபோது லாசரின் கூடைகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். இமைகள் பாதி மூடி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வலது கை முந்தானைக்குள்.

“நீங்க பேசக் கூடாதாமே டாக்டரு. நான் பேசறேன், கேட்டுக்குங்க. அதுக்குத் தடை இல்லல்ல?”

தலையசைத்தேன். என் முகமே கேட்டிருக்க வேண்டும்.

“ரெண்டு நாளு” என்றாள். “குழுவுக்கு முன்னாடி ரெண்டு நாளு இந்தக் கையால ஈ ஓட்டல. ஒரே ஒரு அடிதான் தேறும்னு தெரியும். மூடி அவ்ளோ நேரா வரும்னு நானே நெனைக்கல.”

“நான் மூடியத் தொறந்து வெக்கறப்பவே ‘அங்க வேணாம், கொஞ்சம் இந்தாண்ட’ன்னா மேடம்” என்றார் லாசர், இறாலைத் தண்ணீரில் அலசிக்கொண்டே. “பல்லு வெளக்கக் கூட நாந்தான். தெருவுல இப்ப டிக்கெட்டு போட்டு விக்கலாம்.”

“நீ சும்மாரு. டாக்டரு, வாயால சொல்லியிருந்தா அது புகாரு. எங்க எறா வாங்க நீங்க திரும்பி வரமாட்டீங்க. மூடிய அனுப்பினா எடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். உங்களுக்கு அடி போட ஒரு சான்சு வேணாமா?”

இறாலுக்கான காசை எடுத்து லாசரின் கையில் வைத்தேன்.

“பவுடரு கதை நல்ல கதைதான்” என்றாள், கொஞ்சம் தாழ்ந்த குரலில். “புதுசா வர்றவங்களுக்கும் அதையே சொல்லச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் சேக்கணும். பலகைல கூடிப் போச்சுன்னா தொடைச்சுடலாம். ஒடம்பத் தொடைக்க முடியாது. அத நீங்களும் சொல்லல, நானும் கேக்கல.”

லாசர் இறால் பையைக் கட்டி என்னிடம் நீட்டினார். உள்ளே ஒன்று மீசையால் பையைத் துழாவியது. புறப்படத் திரும்பினேன்.

“இருங்க” என்றாள். முந்தானை விலகியது. வலது கை வெளியே வந்து என் கையைப் பிடித்தது.

இறுக்கமான பிடி. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விநாடியில் தளர ஆரம்பித்தது. அந்த நான்கு விநாடிக்குள் அவள் நரம்பு எத்தனை முறை தட்டியிருக்கும், எத்தனை கதவு திறந்திருக்கும் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியும். எவரிடமாவது சொல்லத் துடித்தேன். சொல்லாமல், அவள் விரல்கள் தாமாக விலகும்வரை நின்றேன்.